மாதா இல்லாத மாடம்

எங்கள் வீட்டு மாடியில் ஐந்து வருஷம் ஒரு மிஷனரிக் குடும்பம் குடியிருந்தது. நியூசிலாந்துக்காரர்கள். கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். ஆவூருக்கு மிஷனரி வருவது என்பது கொல்லன் தெருவில் ஊசி விற்க வருகிற கதைதான். அவர்களுடைய தீவில் முதல் பாதிரியார் போய் இறங்குவதற்கு முன்பே எங்கள் ஊரில் மணியடித்துக் கத்தோலிக்கப் பூசை நடந்துகொண்டிருந்தது. அம்மாவின் பாட்டிக்குப் பாட்டியே பிறந்த கையோடு ஞானஸ்நானம் வாங்கியவள். இதையெல்லாம் அவர்கள் குடிவந்த முதல் வாரமே அம்மா காபி ஆற்றிக்கொண்டே சொல்ல, நான் இங்கிலீஷில் பெயர்த்துச் சொல்லியாயிற்று. அவர்களும் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். அதனால் பின்னால் நடந்ததைத் தெரியாமல் செய்த பிழை என்று என்னிடம் யாரும் சொல்ல முடியாது.

மாடி, தம்பி சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பிக் கட்டியது. அப்பா இறந்த பிறகு கீழே அம்மாவும் நானும்தான். என் கணவர் குவைத்தில் இருக்கிறார். நான் பக்கத்தில் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். நான் பஸ் ஏறிப் போய்விட்டால் அம்மாவுக்குப் பேச்சுத்துணை டி.வி. மட்டும். மாடியில் நாலு காலடி கேட்டால் போதும் என்று அவள் ஏங்கிக்கொண்டிருந்தபோதுதான் இவர்கள் வந்தார்கள். தமிழ் படிக்க வந்திருக்கிறோம் என்றுதான் சொன்னார்கள். மிஷனரி என்ற சொல்லை அவர்கள் சொல்லவில்லை. ஊர் சொன்னது. ஊருக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

வாசலில் வந்து நின்றபோது நால்வர் காலிலும் செருப்பில்லை. அவர்கள் ஊரில் அப்படித்தானாம், கடைகண்ணிக்குக்கூட வெறுங்காலோடு போவார்களாம். அம்மாவுக்கு இது புரியவே இல்லை. “பிளேன் ஏறி வந்தவுகளுக்குப் புள்ளைகளுக்கு ஒரு செருப்பு வாங்கிக் குடுக்க முடியலையா?” என்று அங்கலாய்த்து, விராலிமலைக்குப் போனபோது இரண்டு ஜோடி வாங்கி வந்தாள். பிள்ளைகள் நன்றி சொல்லிப் போட்டுக்கொண்டு மாடிப்படி வரைக்கும் நடந்தார்கள். அந்தச் செருப்புகள் கடைசிவரை படிக்கட்டுக்கடியில் புதுசாகவே கிடந்தன.

காலையில் மாடியில் கிடார் சத்தம் கேட்கும். குடும்ப ஜெபம். பிறகு ரொட்டியில் கறுப்பாக ஒரு பசையைத் தடவித் தின்பார்கள். ஒருநாள் அதில் ஒரு பாட்டில் அம்மாவுக்கும் வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்து, இது லேகியம் என்று முடிவு கட்டி, ஓமவாட்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எனக்கு வயிறு சரியில்லாதபோதெல்லாம் அதிலிருந்து ஒரு சொட்டு கிடைக்கும். சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளுக்கு மாடி வராந்தாவில் பள்ளிக்கூடம். அவர்களுடைய அம்மாதான் டீச்சர். கொஞ்சம் வெயில் ஏறினாலே பிள்ளைகளின் முகம் வேகவைத்த இறால் மாதிரி ஆகிவிடும். அம்மா மோரைக் கரைத்துக்கொண்டு படியேறுவாள். பிள்ளைகளின் அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு கொடும்பாளூர்ப் பக்கம், அதற்கும் அங்கிட்டு, கிராமம் கிராமமாகப் போவார். தண்ணீர் வடிகட்டுகிற தொட்டி கட்டிக் கொடுக்கப் போகிறேன் என்பார். கட்டவும் செய்தார், பொய் சொல்லக்கூடாது. சாயங்காலம் நாலைந்து காலேஜ் பையன்கள் இங்கிலீஷ் பேசிப் பழக வருவார்கள். பாட்டு, பைபிள், பிஸ்கட். பிஸ்கட் தீர்ந்ததும் பையன்கள் கிளம்பிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் லேப்டாப்பைத் திறந்து அவர்கள் ஊர்ச் சபையோடு பேசுவார்கள். அங்கே அப்போது ஆராதனை நேரம். படுக்கையில் கிடந்தபடி நான் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளின் அம்மா ஏதோ பேசுவாள், பிறகு கடல் தாண்டிக் கைதட்டல் வரும். என்ன சொல்லி இந்தக் கைதட்டலை வாங்குகிறாள் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. நம் வீட்டுப் பிள்ளை ஸ்கூலில் பரிசு வாங்குகிற மாதிரி எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவளுக்குத் தமிழ் கற்றுக் கொடுத்தது அம்மா. முதலில் பைபிளை வைத்துத் தானாகப் படித்து வந்திருந்தாள். பால்காரரிடம் போய், “எனக்கு அரை லிட்டர் பாலைத் தந்தருளும்” என்றாள். பாவம், அவர் கேனைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிடப் போய்விட்டார். அன்றைக்கே அம்மா அவளைப் படிக்கட்டில் உட்கார வைத்து, முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே பாடம் தொடங்கினாள். இங்கிட்டு, அங்கிட்டு, ஒனக்கு, எனக்கு, கொழம்பு, எலை. இலக்கணம் கேட்டு என்னிடம் வருவாள். பேச்சு முழுக்க அம்மாவின் பேச்சு. ஒரு வருஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எங்கள் சித்தி பேசுவது போல இருந்தது.

ஒரு பாடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு மத்தியானம் அவள் எழுந்து, “நான் போறேம்மா” என்றாள். அம்மா கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

“போறேன்னு சொல்லக் கூடாது ஆத்தா. எழவு வீட்ல இருந்துதான் சொல்லாமக் கொள்ளாமப் போவாங்க. போயிட்டு வாரேன்னு சொல்லணும்.”

“போயிட்டு வாரேம்மா.”

“அப்ப நான் என்ன சொல்லணும்? ‘வா’ன்னு சொல்லணும். நான் வான்னு சொல்ற வரைக்கும் நீ நிக்கணும்.”

அதற்குப் பிறகு மாடிக்கு ஏறுவதற்குக்கூட அவள் சொல்லிவிட்டுத்தான் போவாள். பத்துப் படி ஏற ஒரு விடைபெறுதல். அம்மாவும் அலுக்காமல் “வா ஆத்தா” என்பாள். என்னைக்கூட அவள் இவ்வளவு வாஞ்சையாக ஆத்தா என்று அழைத்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

எனக்கும் அவள் கிடைத்த வரம் போலத்தான் இருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், அக்கா என்பாள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் எனக்குப் பிள்ளை இல்லை. யாராவது விசேஷம் உண்டா என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவள் நான். அவளிடம் மட்டும் ஒருநாள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது சொல்லி அழுதேன். பார்த்த ஆஸ்பத்திரி, கலைந்துபோனது, எல்லாமும். அவள் ஈரத்துணியைத் தோளில் போட்டபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

நான்காம் வருஷம் மழைக்காலத்தில் அவர்களுடைய சின்னவளுக்கு டெங்கு வந்தது. பிள்ளையின் அப்பா விசா வேலையாகச் சென்னையில் இருந்தார். நானும் அம்மாவும்தான் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. பிள்ளை கண் திறக்கவில்லை. அம்மா கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னாள். சொல்லி முடித்து, வரப்போகிற ஈஸ்டருக்கென்று வாய்விட்டே நேர்ந்துகொண்டாள்.

“மாதாவே, இந்தப் புள்ள எந்திரிச்சு நடக்கட்டும். பாஸ்காவுக்கு அவ ஒசரத்துக்கு மெழுகுதிரி ஏத்துறேன். ஒம்மேல வர்ணமெல்லாம் உதுந்துபோச்சு, புதுசா அடிச்சுத் தாரேன்.”

அம்மா எதற்காக இப்படிச் சொல்கிறாள் என்று பிள்ளையைப் பெற்றவள் என்னிடம் கேட்டாள். சொன்னேன். நேர்ச்சை என்பது அவளுக்குப் புதுச் சொல். நேர்ச்சை, நேர்ச்சை என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “சரிம்மா, சரிம்மா” என்று அழுதாள்.

பிள்ளை பிழைத்தது. வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட ஆரம்பித்ததும், அம்மா அவளைப் படிக்கட்டுச் சுவரில் சாய்த்து நிற்க வைத்து நூல் பிடித்து உயரம் அளந்தாள். உச்சந்தலையில் அம்மா நூலைப் பிடிக்க, குதிகாலில் குனிந்து பிடித்தது அவள். பெற்றவள். அந்த நூலை மெழுகுதிரி செய்கிறவரிடம் கொடுக்க அம்மா பத்திரப்படுத்தினாள். நூலின் மறுமுனை யார் கையில் இருந்தது என்பதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

எங்கள் கூடத்து மாடத்தில் இருக்கிற மாதா சுரூபம் தாத்தா காலத்தது. மூக்கில் சுண்ணாம்பு தெரியும், நீல முக்காடு வெளுத்து எந்த நிறமும் இல்லாத நிறமாகிவிட்டது. தவக்காலம் தொடங்கியதும் திருச்சியில் சுரூபங்களுக்கு வர்ணம் அடிக்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். வழியில் அடிபடக்கூடாதே என்று அவள்தான் தன் பெட்ஷீட்டைக் கொண்டுவந்து, கைக்குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றிக் கொடுத்தாள். எதற்காக வர்ணம், யாருக்காக வர்ணம், எல்லாம் அவளுக்குத் தெரியும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது.

மறுநாள் அவள் கேமராவோடு கீழே வந்தாள். அம்மாவை மாடத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள்.

“மாதா இல்லாத மாடத்த எதுக்கு ஆத்தா படம் எடுக்குற? வர்ணம் அடிச்சு வரட்டும், பூ வச்சு எடுப்போம்.”

“அப்பவும் எடுப்போம்மா. இது ஞாபகத்துக்கு.”

அம்மா ஆதார் அட்டைக்கு நிற்பது போல விறைப்பாக நின்றாள். பின்னால் மாடம் வெறுமையாக இருந்தது. சுவரில் மாதா நின்ற இடம் மட்டும் புகை படாமல் வெள்ளையாகத் தெரிந்தது.

குருத்தோலை ஞாயிறுக்கு முன்பே சுரூபம் வந்துவிட்டது. புது நீலம், புது ரோஜா நிறக் கன்னம். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் மல்லிகைச் சரம் போட்டாள். அந்த வாரம் அவர்களுடைய சபையிலிருந்து ஆறு பேர் வரப்போகிறார்கள் என்று அவள் சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் பதற்றமாகத்தான் இருந்தாள். கீழே வரமாட்டார்கள், மாடியில்தான் இருப்பார்கள், நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்றாள். விருந்தாளி வந்து கீழே தலைகாட்டாமல் போவதா? அம்மா கேட்பாளா? அதிரசத்துக்கு மாவு இடிக்கக் கொடுத்துவிட்டாள்.

பெரிய வியாழனுக்கு முந்தின நாள் வேன் வந்து நின்றது. ஆறு பேரும் ஒரே பச்சை நிற டீஷர்ட். அவள் அவர்களை நேராகப் படிக்கட்டுக்கு அழைத்துப் போகப் பார்த்தாள். ஆனால் வயதான ஒரு அம்மாள் எங்கள் வாசலிலேயே நின்றுவிட்டார். கதவில் செருகியிருந்த குருத்தோலைச் சிலுவையைத் தொட்டுப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். கதவுக்குச் சிலுவை வந்துவிட்டதே என்று அவர் மற்றவர்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எல்லா வருஷமும் வருகிற ஓலைதானே, இதற்கு ஏன் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டே உள்ளே அழைத்தேன்.

அவர் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, உன்னையும் எனக்குத் தெரியும் என்றார் இங்கிலீஷில். உரிமையோடு என் வயிற்றில் கையை வைத்தார். “உன் கர்ப்பத்துக்காக எங்கள் பெண்கள் கூட்டத்தில் வாராவாரம் ஜெபிக்கிறோம். கலைந்துபோன அந்தக் குழந்தைக்காக நாங்கள் எல்லோரும் அழுதோம்.”

அந்தக் குழந்தையைப் பற்றி என் மாமியாருக்குக்கூடத் தெரியாது. நான் அவளைப் பார்த்தேன். அவள் தன் பிள்ளையின் சடையைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

அந்த அம்மாள் அதோடு விடவில்லை. “உன் அம்மா இயேசுவை ஏற்றுக்கொண்ட கதையை அவர் வாயாலேயே கேட்க வேண்டும். விக்கிரகத்தை அகற்றிய அந்த மாடத்துக்குப் பக்கத்தில் அவர் நிற்கிற படம் எங்கள் சபை வாசலில் தொங்குகிறது. ஒவ்வொரு ஞாயிறும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறோம்” என்றார். சொல்லிக்கொண்டே மாடத்தைத் தேடித் திரும்பினார்.

மாடத்தில் மாதா இருந்தாள். புது நீல முக்காடும் மல்லிகைச் சரமுமாக, பளபளவென்று. பச்சை டீஷர்ட்டுகள் ஆறும் ஒரு எட்டுப் பின்வாங்கின. அவர்களில் பெரியவர் மாதிரி இருந்த ஒருவர், “பழைய வழிக்கே திரும்பிப் போய்விட்டார்களா?” என்று அவளிடம் மெதுவாகக் கேட்டார். சாவு வீட்டில் கேட்கிற குரலில்.

“என்னடி கேக்குறாங்க?” என்றாள் அம்மா.

நான் இங்கிலீஷ் டீச்சர். ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். “அம்மா, நீங்க மாதாவத் தூக்கிப் போட்டுட்டு இப்பத்தான் கிறிஸ்தவங்களா ஆனீங்கன்னு அவங்க ஊர்ல சொல்லி வச்சிருக்கு. வெறும் மாடத்தோட எடுத்த படத்த அங்க மாட்டி வச்சிருக்காங்களாம். இப்ப மறுபடி கொண்டாந்து வச்சிட்டீங்கன்னு அழுவுறாங்க.”

அம்மா கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மாடிவீட்டுப் பெண்ணைப் பார்த்து, பிள்ளைக்குச் சோறூட்டுகிற குரலில் பேசினாள்.

“நீயே சொல்லிரு ஆத்தா. எம்மக சொன்னா சண்டையாப் போயிரும். புள்ளைக்கு நேந்துக்கிட்டது, அதுக்குத்தான் வர்ணம் அடிக்கப் போனதுன்னு சொல்லு. அதுல ஒனக்கு என்ன வந்துச்சு? தப்பா வெளங்கிக்கிட்டாங்க, அம்புட்டுத்தான்.”

இப்படி ஒரு வழியை யாருக்கு யார் விட்டுக் கொடுப்பார்கள்? அவள் சொல்லியிருக்கலாம். பிள்ளையும் பக்கத்திலேயே நின்றது, உயிரோடு. அவள் அம்மாவைப் பார்த்தாள், பெரியவரைப் பார்த்தாள். பிறகு நான் அங்கே இல்லாதது போல, தெளிவான இங்கிலீஷில் சொன்னாள்: “இது இறந்துபோன கணவரின் ஞாபகமாம். விட முடியாமல் தவிக்கிறார்கள். அவர்களுடைய பலவீனத்துக்காக நீங்கள் ஜெபிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.”

“அம்மா அப்படிச் சொல்லவில்லை” என்றேன் நான், அதே இங்கிலீஷில்.

அதற்குள் அவள் கணவர் கண்களை மூடிக் கைகளை உயர்த்திவிட்டார். “பிதாவே” என்று தொடங்கிவிட்டார். எல்லோரும் கண்களை மூடிக்கொண்டார்கள். ஒருவர் ஜெபம் சொல்லும்போது குறுக்கே பேசக்கூடாது என்று அப்பா எனக்குச் சிறுவயதிலேயே தலையில் குட்டி வளர்த்திருக்கிறார். என் வாய் தானாக மூடிக்கொண்டது. அவர்கள் அதையும் அறிந்துதான் தொடங்கினார்களோ என்னவோ. ஜெபம் நீண்டுகொண்டே போனது. அம்மாவின் தலையில் ஆறு கைகள் இருந்தன. அவளுடைய விக்கிரகம் தொலைய வேண்டும் என்று கண்ணீரோடு கேட்டார்கள். அம்மாவோ எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து, பிதா சுதன் என்று சிலுவை போட்டு, கைகூப்பி, முடிகிற இடத்தில் அவர்களோடு சேர்ந்து ஆமென் சொன்னாள். பிறகு அதிரசத் தட்டை நீட்டினாள்.

அவர்கள் மாடியேறிப் போனதும் கேட்டாள், “சொல்லிட்டாளா?”

“இல்லம்மா.”

“பின்ன எதுக்குச் செபம் பண்ணாக?”

நான் சொன்னேன். அம்மா தலையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டாள். அவர்கள் தொட்ட இடத்தில். பிறகு முந்தானையால் துடைத்தாள்.

மறுநாள் விருந்தாளிகள் வேனில் வெளியே போயிருந்த நேரம் அவள் கீழே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. நான் அவளை உட்காரச் சொல்லவில்லை.

“அக்கா, பொய் சொல்லணும்னு நான் நெனைக்கல. படம் மட்டும்தான் அனுப்புனேன். மாடம் காலியாயிருச்சான்னு அவங்க கேட்டாங்க. ஆமான்னேன். காலியாத்தானே இருந்துச்சு? அவங்க ரொம்ப சந்தோசப்பட்டாங்க, அழுதாங்க. அப்பறம் இல்லைன்னு சொல்ல முடியல. அஞ்சு வருசத்துல ஒருத்தரும் எங்க சபைக்கு வரலக்கா. திரும்பி வாங்கன்னு சொல்லிருவாங்க. எனக்கு இங்கிட்டுத்தான் வீடு.”

“என் வயித்துக் கதை? அதுவும் படமா?”

“அது ஜெபக்குறிப்புக்கா. ஜெபம் பண்றதுக்குத்தான் குடுத்தேன்.”

ஜெபக்குறிப்பு! எங்கள் பக்கம் இதற்குக் கோள் என்று பெயர். கோள் சொல்கிறவளுக்காவது சொல்லக் கூடாததைச் சொல்கிறோம் என்கிற பயம் இருக்கும். இவளுக்கு அதுவும் இல்லை, புண்ணியமாகச் செய்திருக்கிறாள். மொட்டைமாடியில் நான் அழுதபோது ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றாளே, அந்த மௌனத்தைத்தான் நான் நம்பினேன். மனதுக்குள் குறித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். அவள் அம்மாவின் காலைத் தொடப் போனாள்.

“மன்னிச்சிருங்கம்மா.”

“எங்கிட்ட எதுக்கு மன்னிப்பு? அவுககிட்ட உள்ளதச் சொல்லு. நான் ஒண்ணும் நெனச்சுக்கல. மாதாவத் தூக்கிப் போட்டவன்னு எம்படம் அங்க தொங்குதுல்ல, அத எறக்கச் சொல்லு. கையில போன் வச்சிருக்கேல்ல, போட்டுப் பேசு. நான் இங்ஙனயே நிக்கிறேன்.”

அவள் போனைப் பார்த்தாள். விரல்கூட அசையவில்லை.

“ஞாயித்துக்கெழம சபையிலயே சொல்லிர்றேம்மா. எல்லாரும் இருப்பாங்க.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அம்மா நம்பினாள். சத்தியம் பண்ணின பிறகு நம்பாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. எனக்கும் நம்ப ஆசையாக இருந்தது.

பாஸ்கா ஞாயிறு விடியுமுன் எழுந்தபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடவில்லை. மாடியில் லேப்டாப் திறந்துவிட்டார்கள். பாட்டு முடிந்தது. விருந்தாளிகள் வந்து போனதைப் பற்றி அவள் பேசினாள். நல்ல பயணம், நல்ல ஐக்கியம். நான் மாடிப்படியில் போய் நின்று கேட்டேன். கடைசியாகச் சொன்னாள், கீழ்வீட்டு அம்மாவை மறந்துவிடாதீர்கள், அவர்கள் இன்னும் போராடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், தொடர்ந்து ஜெபியுங்கள். கைதட்டல் வந்தது. எத்தனையோ ஞாயிறு நான் படுத்துக்கொண்டே ரசித்த அதே கைதட்டல்.

திரும்பி வந்தேன்.

“சொல்லிட்டாளா?”

“இல்லம்மா.”

அன்று காலைப் பூசைக்கு அந்தப் பிள்ளை தன் உயர மெழுகுதிரியைத் தானே பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து பிள்ளை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. பிள்ளைக்குச் சளி என்று மாடியிலிருந்து பதில் வந்தது. அம்மா மெழுகுதிரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் நடந்தாள். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றாலும் கொடுக்கவில்லை. கோயிலில் ஏற்றி வைத்துவிட்டு அது எரிவதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். “இப்படியும் ஒருத்திக்கு ஏத்தணுமாம்மா?” என்று கேட்டேன். “புள்ளைக்கு நேந்துக்கிட்டேன். புள்ள என்ன பண்ணுச்சு?” என்றாள். மாதாவோடு அவளுக்குக் கணக்கு நேராகிவிட்டது. அதற்குப் பிறகு படிக்கட்டுப் பக்கத்துக் கதவை அவள் திறக்கவில்லை. மோர் மாடியேறவில்லை. கீரையைப் பின்கட்டில் உட்கார்ந்து ஆய்ந்தாள். டி.வி. மறுபடியும் சத்தமாக ஓடியது.

பள்ளி திறக்கிற சமயத்தில் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். வடக்கே வேறு ஊருக்குப் போகிறார்களாம். சபை திரும்பி வரச் சொல்லவில்லை. ஊழியம் தொடர்கிறது. இன்னொரு வீட்டு மாடி, இன்னொரு அம்மா.

லாரியில் சாமான் ஏறியதும் நான்கு பேரும் கீழே வந்தார்கள், வெறுங்காலோடு. அக்கம்பக்கத்துப் பெண்களும் வழியனுப்ப வந்து நின்றார்கள். அவள் கணவர் எனக்குக் கைகொடுத்தார். நான் கொடுத்தேனா இல்லையா என்று நினைவில்லை. சின்னது ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. நூல் பிடித்து அளந்ததைவிடக் கொஞ்சம் வளர்ந்திருந்தது. அம்மா குனிந்து அதன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் கொடுத்தாள்.

பிறகு அவள் வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நடிப்பில்லை, எனக்கே தெரியும். அவள் எங்கள்மேல் பாசமாகத்தான் இருந்தாள், அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது.

“போயிட்டு வாரேம்மா” என்றாள். எங்கள் ஊர்த் தமிழ், ஒரு பிசிறில்லை.

அம்மா ‘வா’ சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம், அதனால் அவள் நகராமல் நின்றாள். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். பக்கத்து வீட்டுக்காரி அம்மாவின் தோளை இடித்தாள்.

“போயிட்டு வாரேம்மா” என்றாள் மறுபடியும்.

அம்மா முந்தானையைச் சரி செய்துகொண்டாள். யாரோ வழி கேட்டவருக்குப் பதில் சொல்வது போல, “சரி, போங்க” என்றாள்.